மனம் கனத்தது, பாப்கார்ன் தீர்ந்தது

இடைவேளை விளக்கு எரிந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "என்னா அடி சார்... பார்க்க முடியல" என்றார். நானும் தலையாட்டினேன். துடைத்த கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்து போனவர், ஒரு கையில் பாப்கார்னும் மறு கையில் இரண்டு முட்டை பப்ஸுமாகத் திரும்பினார். ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். 2016 பிப்ரவரி. படம், வெற்றிமாறனின் 'விசாரணை'.

படம் முடிந்தபோது கூட்டம் சத்தமில்லாமல் எழுந்தது. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்கள் மாதிரி ஒவ்வொருவராக வெளியேறினோம். வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் அவர் என்னை மறுபடி பிடித்துக்கொண்டார். குரலில் மெய்யான வருத்தம்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். அந்தப் பசங்க நிஜமாவே திருடல, இல்ல?"

"திருடல" என்றேன்.

"அதான்... பாவம்" என்றார். டோக்கனைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அந்தக் கேள்வியில் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. இத்தனை வருடத்தில் படத்தில் விழுந்த அடிகள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகின்றன. அந்தக் கேள்வி மட்டும் செருப்பில் ஏறிய முள்ளாக, நடக்கும்போதெல்லாம் குத்துகிறது.

*

மனம் கனப்பதில் தமிழ் ரசிகனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு படம் அவனை உலுக்க வேண்டும், பிசைய வேண்டும், பிழிய வேண்டும், அலசிக் காயப்போட வேண்டும். துணி துவைக்கிற இயந்திரத்திடம்கூட நாம் இவ்வளவு வேலை வாங்குவதில்லை. படம் பார்த்த இரவு ஒன்றரை மணிக்கு, "தூக்கம் வரவில்லை, என்னவோ செய்கிறது" என்று ஒரு பதிவு போடுவோம். எத்தனை பேர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதால் அன்றிரவு நிஜமாகவே தூக்கம் வராது. ஆகவே பதிவில் பொய்யில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் மனம் கொஞ்சம் இளகும். மூன்றாம் நாள் பழைய எடைக்கு வந்துவிடும். நான்காம் நாள் அடுத்த படத்தின் டீசர்.

இந்த வித்தை நமக்கு எளிதாகக் கைவந்துவிடவில்லை. அதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது. முதல் பாடம்: அடிபடுகிறவன் குற்றமற்றவன் என்று இயக்குநர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தச் சீட்டு கையில் வந்த பிறகுதான் நம் கண்ணீர்க் குழாய் திறக்கும். சீட்டு இல்லாதவனை அடித்தால்? கை தட்டுவோம். இரண்டுக்கும் ஒரே டிக்கெட் விலைதான்.

*

'விசாரணை'யின் மூலம், மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்'. அவர் கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர். 1983-இல் பிழைப்புக்காகப் போயிருந்த குண்டூரில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆந்திரப் போலீஸ் அவரையும் நண்பர்களையும் அடித்தது. அடி வாங்கியவரே எழுதிய புத்தகம். அதிலிருந்து வந்த படம் 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போய் விருது வாங்கியது. தேசிய விருது வந்தது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அதைத்தான் அனுப்பினார்கள். குண்டூரில் ஒரு கொட்டடிக்குள் எழுந்த அலறலை உலகமே உட்கார்ந்து கேட்டது.

முதல் பாதியில் நாம் எவ்வளவு சுகமாகக் கோபப்பட்டோம்! அடிப்பவன் தெலுங்குப் போலீஸ், அடிபடுபவன் நம் பிள்ளை. கோபத்துக்கு இதைவிட வசதியான நாற்காலி ஏது? வெற்றிமாறன் இரண்டாம் பாதியில் அந்த நாற்காலியை உருவிவிட்டார். குண்டூரில் பிழைத்தவர்களைச் சொந்த ஊருக்குக் கூட்டிவந்து, தமிழ் பேசும் போலீஸ் கையால் சுட்டுக் கொல்லவைத்தார். நாவலில் இல்லாத பகுதி அது. சந்திரகுமார் உயிரோடு திரும்பிப் புத்தகம் எழுதினார். படத்துப் பையன்களுக்கு எழுத ஆயுள் இல்லை.

அந்தப் படத்துக்கு நான்கு வருடம் முன்பு, 2012 பிப்ரவரி 23 விடிவதற்குள், சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் தேடப்பட்டவர்கள் என்றார்கள். ஐவரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். அந்த வழக்கில் எந்த நீதிபதியும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று காலை டீக்கடையில் நான் கேட்டது அழுகையா? "சபாஷ்" என்பது. குண்டூரில் தமிழனுக்குக் கசிந்த கண், வேளச்சேரியில் பீகாரிக்கு ஏன் வறண்டு கிடந்தது? இரண்டு இடத்திலும் மொழி வேறு, ஊர் வேறு, காக்கி ஒன்று. ஆனால் வேளச்சேரிக்காரர்களிடம் அந்தச் சீட்டு இல்லை. திருடவில்லை என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்க இயக்குநர் யாரும் அங்கே இல்லை.

*

சரி, கை தட்டிய கதைக்கு வருவோம். அது நீளமானது.

2003 மே மாதம் 'சாமி'. ஆகஸ்டில் 'காக்க காக்க'. அந்த ஒரே வருடத்தில் நம் உள்ளங்கை சிவந்த சிவப்பு மருதாணிக்கும் வராது. அதற்குப் பிறகு போலீஸ் படத்தின் இலக்கணம் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. நாயகன் அறைவான், மிதிப்பான், சுடுவான். சட்டம் தெரிந்த பாத்திரம் ஒன்று நடுவில் வந்து "மனித உரிமை" என்று வாயைத் திறக்கும். பெரும்பாலும் அது வில்லனின் வக்கீல், இல்லையென்றால் காமெடியன். அது வாயைத் திறந்ததும் நாயகன் ஒரு பதில் வசனம் சொல்வான். அதற்குத்தான் விசில். அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு, உயிர் வாழும் உரிமை, நம் திரையரங்குகளில் விசிலால் அடித்து விரட்டப்பட்டது.

2020 ஜூன். சாத்தான்குளம். பொதுமுடக்க நேரத்தில் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்து இருவரும் செத்தார்கள். முதல் தகவல் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? அவர்களே தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டதாம். தமிழ்ப் புனைகதை வரலாற்றில் இவ்வளவு குறைந்த சொல்லில் இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன எழுத்தாளர் வேறு யாரும் இல்லை. விருதுக் குழுக்கள் கவனிக்கத் தவறிவிட்டன.

அந்த வாரம் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை விட்டார். இரண்டு 'சாமி', மூன்று 'சிங்கம்' எடுத்தவர். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது. எடுத்தவர் வருந்திவிட்டார். பார்த்தவர்கள்? "சிங்கம் ஓங்கி அடித்தபோது விசிலடித்ததற்காக வருந்துகிறேன்" என்று ஒரு ரசிகனாவது அறிக்கை விட்டானா? நான் விடவில்லை. நான் அடித்த விசிலை யார் கணக்கில் எழுதியிருக்கிறார்களோ.

*

திரையரங்கு மூடியிருந்த காலத்தில்கூட நமக்குப் பொழுதுபோகாமல் இருந்ததில்லை. மாவுக்கட்டு இருந்தது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் கழிப்பறை ஓர் உலக அதிசயம். போலீஸ்காரர் போனால் வழுக்காது. புகார் கொடுக்க வந்தவர் போனால் வழுக்காது. பிடிபட்டவன் கால் வைத்தால் மட்டும் தரை எண்ணெயாகிவிடும். விழுகிறவனுக்கும் ஒரு கணக்கு உண்டு: வலது கை, இடது கால். மறுநாள் நீதிமன்ற வாசலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி வருவான். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே, கைதிகள் மட்டும் வழுக்கி விழுகிற மாதிரியா அங்கே கழிப்பறை கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டது.

நீதிபதிக்கு வந்த சந்தேகம் நமக்கு வரவில்லையா? வந்தது. நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சிரித்தோம். "வழுக்கிட்டானா?" என்று கண்ணடித்தோம். மாவுக்கட்டுப் படத்துக்கு வடிவேலு முகத்தை ஒட்டிக் குழுவுக்குக் குழு அனுப்பினோம். "முட்டிக்கு முட்டி தட்டணும்" என்பது நம் வீடுகளில் ஓய்வூதியக்காரர்கள் காலைக் காபியோடு அரசுக்கு வழங்கும் இலவச ஆலோசனை. அந்தத் தாத்தாதான் 'விசாரணை' பார்த்துவிட்டு "என்னால உட்கார முடியலப்பா" என்று பாதியில் எழுந்து போனவர்.

2023-இல் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைக் காவல் அதிகாரி ஒருவர் பிடுங்கியதாகப் புகார் எழுந்தது. பல்! இதையே ஒரு படத்தில் வைத்திருந்தால், "இயக்குநருக்கு வக்கிர புத்தி, அளவு மீறிவிட்டார்" என்று விமர்சனம் எழுதியிருப்போம். திரையில் காட்டினால் அளவு மீறல். காவல் நிலையத்தில் செய்தால், "அவனுங்க என்ன யோக்கியனுங்களா?"

பாருங்கள், மறுபடி அந்தக் கேள்வி.

*

2019 டிசம்பர் 6. ஹைதராபாத் அருகே சட்டன்பள்ளி. ஒரு கால்நடை மருத்துவரை வன்புணர்ந்து கொன்ற வழக்கில் பிடிபட்டிருந்த நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் பாலத்தின்மேல் நின்று போலீஸ்மீது பூத்தூவினார்கள். இனிப்புக் கொடுத்தார்கள். நடந்த கொடுமையை நினைத்தால் அந்த ஆத்திரம் புரிகிறது. எனக்கும் அன்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. மறைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்றது. பத்துப் போலீஸ்காரர்கள்மீது கொலை வழக்கு நடத்தச் சொன்னது. செத்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்று சொல்ல வேண்டிய வழக்கு அந்த இடத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிட்டது. பூத்தூவியவர்கள் அறிக்கை வந்த அன்று பூவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டதாகச் செய்தி ஏதும் இல்லை.

*

இனி 2021 நவம்பர். 'ஜெய் பீம்'. சிங்கமாக வந்து ஓங்கி அறைந்த அதே சூர்யா, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் பழங்குடி மனிதர் ஒருவரைத் திருட்டுப் பழி சுமத்திக் காவலில் அடித்தே கொன்ற வழக்கும், அதை நடத்திய வழக்கறிஞர் சந்துருவும் படத்துக்கு ஆதாரம். நாடே அழுதது. உலகத் திரைப்படங்களுக்கு ரசிகர்கள் மதிப்பெண் போடும் தளத்தில், 'ஷஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தையே ஓரம்கட்டிவிட்டு முதலிடத்துக்குப் போனது. நட்சத்திரம் போடுவதில் நம்மைப் போல வள்ளல்கள் கிடையாது.

இந்தப் படம் ஏற்படுத்திய மன உளைச்சல் எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுகிறேன்.

முதல் சாட்சி, ஒரு காலண்டர். அடித்துக் கொன்ற போலீஸ்காரரின் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு சமூகத்தின் சின்னம் இருந்தது என்று போராட்டம் வெடித்தது. ஐந்து கோடி கேட்டு வக்கீல் நோட்டீஸ் போனது. சூர்யா வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்புப் போட வேண்டியதாயிற்று. காலண்டரை மாற்றினார்கள், இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். இரண்டாம் சாட்சி, ஓர் அறை. இந்தியில் பேசிய ஒருவரைப் பிரகாஷ்ராஜ் பாத்திரம் கன்னத்தில் அறைகிறது. வடக்கே கொதித்தார்கள்.

ஒரு மனிதனை அணுஅணுவாக அடித்துக் கொல்வதைப் படம் காட்டுகிறது. சுவரில் தொங்கிய காகிதத்துக்காகத் தெற்கே கொதித்தோம். கன்னத்தில் விழுந்த ஓர் அறைக்காக வடக்கே கொதித்தார்கள். நடுவில் கிடந்த பிணத்தைத் தாண்டித்தான் இரு தரப்பும் நடந்து போனார்கள். பழங்குடிப் பிணத்துக்கு நட்சத்திரம் போதும் என்று விட்டுவிட்டோம்போல.

*

தணிக்கைக் குழுவின் கரிசனத்தையும் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். திரையில் ஒருவன் பீடி பற்ற வைத்தால் மூலையில் உடனே எழுத்து ஓடிவருகிறது: புகை உயிரைக் கொல்லும். கோழி, ஆடு, மாடு எது வந்தாலும், எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று உறுதிமொழி உண்டு. ஒருவனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு லத்தியால் அடிக்கும்போது மட்டும் மூலை காலியாக இருக்கிறது. "லாக்கப் உயிருக்குத் தீங்கானது" என்று ஒரு வரி போட்டால் என்ன? அரசுக்கு வருமானம் போய்விடுமா?

போடமாட்டார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. அதை ஏற்று உறுதி செய்ய இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணங்களின்படி 2001 முதல் 2020 வரை நாட்டில் காவல் மரணங்கள் 1,888. அவற்றில் தண்டனை பெற்ற போலீஸ்காரர்கள் 26 பேர். தேர்வில் இந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையை நாம் என்ன செய்வோமோ அதைக்கூட யாரும் யாரையும் செய்யவில்லை.

2023 மார்ச்சில் 'விடுதலை' முதல் பாகம் வந்தது. மலைகிராமத்துப் பெண்களை விசாரணை என்ற பெயரில் வதைக்கும் காட்சியில் எங்கள் வரிசை முழுக்கத் தலை குனிந்திருந்தது. "இப்படியெல்லாமா நடக்கும்?" என்று பின்னாலிருந்து ஓர் இளைஞர் கேட்டார். தம்பி, நீங்கள் அப்படிக் கேட்ட நாளில் வாச்சாத்தி வழக்கின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் முடியாமல் கிடந்தது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது படம் வந்த ஆறு மாதம் கழித்து. முப்பத்தோரு வருடம். நமக்கு இரண்டரை மணி நேரம் உட்கார முடியவில்லை. அந்தப் பெண்கள் முப்பத்தோரு வருடம் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளை விடவில்லை. பப்ஸும் விற்கவில்லை.

*

கடைசியாக ஒரு படம். இதற்கு இயக்குநர் இல்லை, இசை இல்லை. மறைவிலிருந்து யாரோ கைப்பேசியில் எடுத்தது. 2025 ஜூன், சிவகங்கை மாவட்டம், மடப்புரம். கோயிலுக்கு வந்தவரின் காரில் நகை காணாமல் போனது என்று புகார். கோயில் காவலாளியான இளைஞரைத் தனிப்படை கூட்டிப்போனது. அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. சீருடை இல்லாதவர்கள் அவரை அடிக்கும் அந்தக் காட்சி சில நொடிகள்தான் ஓடுகிறது. நான் பார்த்த படங்களிலேயே என்னால் மறக்க முடியாதது அது.

அந்தக் காட்சி எங்கள் உறவினர் குழுவுக்கு வந்தது. சிறிது நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒருவர் எழுதினார். கெட்டவர் இல்லை. 'ஜெய் பீம்' பார்த்து விம்மியவர், கோயில் வாசலில் கை நீட்டுகிறவருக்குக் காசு போடாமல் நகராதவர்.

"நகையை எடுத்தானா, எடுக்கலையா? அது தெரியலையே."

வண்டி நிறுத்துமிடத்து நண்பர் கேட்ட அதே கேள்வி. எடுத்திருந்தால் என்ன? எடுத்திருந்தால் அந்த அடி சரியா? செத்தது சரியா? கேட்க நினைத்து விரல் கைப்பேசியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை நான் வேறு ஒருவர் வாயிலும் கேட்டிருக்கிறேன். 'விசாரணை'யில், 'ஜெய் பீம்'மில், பெயர் தெரியாத எத்தனையோ லாக்கப்புகளில், அடிக்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பது இதைத்தான். "சொல்றா, எடுத்தியா இல்லையா?"

அவருக்கும் நமக்கும் கேள்வி ஒன்றுதான். அவர் கையில் லத்தி, நம் கையில் பப்ஸ்.